லேபிள் கிழித்த பாட்டில்

கூடுவாஞ்சேரி
5 ஜூலை 2024

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். உன் நம்பரை பிளாக் செய்தது நான்தான், உன் மாப்பிள்ளை பென்னி இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறியதும் நானேதான். கடிதம் என்றால் நீ நடுவில் புகுந்து பேச முடியாது. அந்த ஒரு சௌகரியத்துக்காக எழுதுகிறேன்.

என் பிள்ளை ஜோவிதாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே குரூப்பில் உன் குரல் வந்துவிட்டது. "எல்லாரும் கேட்டுக்கங்க. கல்ச்சர் ரிப்போர்ட் வந்தாச்சு. நோ குரோத். கிருமியே இல்ல! மூளைக்காய்ச்சலாம், பெரிய காய்ச்சல். சும்மா பயமுறுத்தி வாரக்கணக்கா புள்ளையக் குத்தி அனுப்பியிருக்காங்க. நான் அப்பவே சொன்னேன்." அதற்குக் கீழே நம் சொந்தபந்தம் மொத்தமும் கைகூப்புகிற படம் போட்டிருந்தது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? தனசிங் சொல்லியாச்சே.

நீ 'அப்பவே' என்ன சொன்னாய் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் மகனுக்கு சர்ச்சில் திடப்படுத்தல் ஆராதனை நடந்த அன்று விருந்துக்குக் கீழ்க்கட்டளைக்கு வந்திருந்தோம். ஜோவிதாவுக்குக் காய்ச்சல், காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ பிரியாணிக் கையைக் கழுவிவிட்டு வந்து நெற்றியைத் தொட்டாய். "காதுல இன்ஃபெக்‌ஷன். இதுக்குப் போய் டாக்டர் வாசல்ல உக்காருவியா?" என்று சொல்லிவிட்டு, நம் குடும்பத்தில் பைபிளுக்கு அடுத்த மரியாதை உள்ள உன் கறுப்புப் பையைத் திறந்தாய். சாம்பிள் மருந்து ஒன்றை எடுத்து, வழக்கம்போல் நகத்தால் லேபிளைச் சுரண்டிக் கிழித்தாய். பெயர் தெரிந்தால் நாங்களே கடையில் வாங்கிவிடுவோமே! அப்புறம் உன்னைத் தேடி யார் வருவார்கள்?

குடித்ததும் காய்ச்சல் இறங்கியது. உன் கைராசியை எல்லாரும் புகழ்ந்தார்கள், நானும் புகழ்ந்தேன். அடுத்து வாந்தி எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உனக்கு போன் செய்தேன். "மருந்து வேலை செய்யுது, வேற ஒண்ணுமில்ல" என்றாய். மறுநாள் கழுத்து மடங்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பெருங்களத்தூர் சிக்னலில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாமா, கொயந்திக்குக் கண்ணு சொருவிக்கினு போவுது!" என்று கத்தினார். என் மடியிலேயே வலிப்பு வந்தது.

முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சுப்ரஜா சொன்னபோது, போனிலேயே பென்னிக்கு உத்தரவு போட்டாய். "மாப்பிள்ளை, முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காது, கையெழுத்துப் போடாதீங்க." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் போட்டேன். நீர் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கலாக வந்தது. அது குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டுமாம். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அப்போதே நரம்பில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். கால் நன்றாகத்தான் இருக்கிறது, ஓடுகிறாள்.

"இதுக்கு முன்னாடி என்ன மருந்து குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். பாட்டிலைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கண்ணன் குடுத்தது" என்றேன். "அண்ணன் டாக்டரா?" "இல்ல டாக்டர், மெடிக்கல் ரெப்." அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது உனக்குச் சேர வேண்டியது. உன் சார்பில் நான் வாங்கிக்கொண்டேன்.

ஷீலா


கீழ்க்கட்டளை
10 ஜூலை 2024

கர்த்தருக்குள் அன்பான தங்கை ஷீலாவுக்கு அண்ணன் தனசிங்கின் ஸ்தோத்திரம்.

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணி ஜென்சிக்குப் படித்துக் காட்டினேன். "பாவம், தூக்கமில்லாம எழுதியிருக்கா" என்றாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

காட்டாங்குளத்தூர் காலேஜ் லைப்ரரியில் புத்தகத்தை அடுக்கி வைக்கிறவளுக்கு மருத்துவம் தெரிந்துவிடுமா? நான் இருபது வருஷமாகத் தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே பை தூக்குகிறேன். நீ பார்த்த புத்தக அட்டைகளைவிட நான் பார்த்த டாக்டர்கள் அதிகம். அந்த சுப்ரஜா நேற்று பாஸ் பண்ணிய பொடிப்பெண். பெரிய பெரிய ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் என்னை "வாய்யா தனசிங்" என்று தோளில் தட்டிக் கூப்பிடுகிறார்கள்.

'நோ குரோத்' என்றால் என்ன அர்த்தம்? உன் லைப்ரரியில் டிக்‌ஷனரி இருக்கும், எடுத்துப் பார். கிருமி வளரவில்லை. வளரவில்லை என்றால் இல்லை. போலீஸ் வந்து வீட்டைச் சோதனை போட்டு ஒன்றும் அகப்படவில்லை என்றால் ஆளைக் குற்றவாளி என்பார்களா? நீ என்னைக் குற்றவாளி என்கிறாய்.

அப்பாவின் இருமலுக்கு யார் மருந்து கொடுத்தது? உன் பிரசவத்துக்கு அப்புறம் காய்ச்சல் வந்தபோது யாரைக் கூப்பிட்டாய்? அப்போதெல்லாம் லேபிள் இருந்ததா என்று பார்த்தாயா? பென்னி மாப்பிள்ளைக்கு இருக்கிற நிதானம் உனக்கு இல்லை. அவர் தினமும் என்னிடம் பேசுகிறார். பிள்ளைக்கு முட்டை கொடு. பிளாக்கை எடு.

உனக்காக ஜெபிக்கும் அண்ணன்,
தனசிங்


கூடுவாஞ்சேரி
14 ஜூலை 2024

அண்ணனுக்கு,

வயிற்றுப்புண் மாத்திரைப் படம் போட்ட விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் ஜெபம் வந்து சேர்ந்தது. தாள் கூட சாம்பிள்தானா?

டிக்‌ஷனரி பார்க்கவில்லை, டாக்டரைக் கேட்டேன். நீ வாழ்நாளில் செய்யாத வேலை அது. நீ அவர்களிடம் பேசுவாய், அவர்களைக் கேட்டதில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கல்ச்சர்ல வளரணும்னா கிருமிக்குத் தெம்பு வேணும். நீங்க வீட்டுல குடுத்த சிரப் அதை அரைகுறையா அடிச்சுப் போட்டுடுச்சு. அதனால லேப்ல வளரல, உள்ள வேலையைக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆனா முதுகுத் தண்டு நீர்ல சர்க்கரை தரைமட்டம், வெள்ளணு நிரம்பி வழியுது. இது பாக்டீரியா மூளைக்காய்ச்சல்தான், சந்தேகமே இல்ல. என்ன கிருமின்னு பேர் தெரிஞ்சிருந்தா அதுக்குன்னு ஒரு மருந்து குடுத்திருப்போம். தெரியாததால ரெண்டு பெரிய மருந்தையும் சேர்த்து ஏத்த வேண்டியதாப் போச்சு."

புரிகிறதா? நீ தம்பட்டம் அடிக்கிற அந்த நோ குரோத், உன் பாட்டிலின் கைங்கரியம். உன்னைக் காட்டிக்கொடுக்கிற காகிதத்தையே நீ ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறாய். இந்தக் குடும்பத்தில் சிரிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் சமையலறையில் எவர்சில்வர் தாம்பாளம் கை நழுவி விழுந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஜோவிதா என் காலடியில் உட்கார்ந்து பூண்டுத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. அவளைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதும் போய்விட்டது அண்ணா. மூளைக்காய்ச்சல் உள்காதைத் தின்றுவிட்டது.

காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது. ஆனால் காத்திருக்க முடியாது. இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு உள்காதுக்குள்ளேயே எலும்பு வளர்ந்து அடைத்துவிடுமாம். அடைத்தால் கருவியை நுழைக்கவே வழியில்லை. அரசுக் காப்பீட்டில் செய்து கொடுக்கிறார்கள். கார்டு பென்னி பெயரில் இருக்கிறது, அவர் வந்து நிற்க வேண்டும். அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "தனசிங் மச்சான் மூளைக்காய்ச்சலே இல்லன்றாரு. இல்லாத நோய்க்கு எதுக்குப் புள்ளை தலையை அறுக்கணும்? தானா சரியாயிடும்."

என் பேச்சு, டாக்டர் பேச்சு எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை. உன் பேச்சு ஏறும். அவருக்கு போன் போட்டு, "அது மூளைக்காய்ச்சல்தான், ஆபரேஷன் பண்ணுங்க" என்று சொல். அவ்வளவுதான். நான் உன்னிடம் கேட்பது இந்த ஒரு வாக்கியம்.

ஷீலா


கீழ்க்கட்டளை
19 ஜூலை 2024

தங்கை ஷீலாவுக்கு,

ஸ்தோத்திரம். பென்னியிடம் ஒரு டானிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நரம்புக்கு நல்லது. மூன்று மாதம் கொடு, காது தானாகத் திறக்கும். ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிள்ளைகள் இப்படித்தான் முறைத்துக்கொண்டு கூப்பிட்டால் திரும்பாது. நம் ஜோவிதாவுக்குப் பிடிவாதம் உன்னைப் போல. காதில் அழுக்கு இருக்கிறதா என்று முதலில் பார்த்தாயா?

மண்டையைக் குடைகிறதுக்கு நான் சாட்சி சொல்ல வேண்டுமா? நன்றாக இருக்கிறது. இந்த ஆபரேஷனில் அந்த டாக்டர் பெண்ணுக்கு என்ன பங்கு என்று கேட்டாயா? இருபது வருஷமாக இந்த லைனில் இருக்கிறவனுக்குத் தெரியும் இதெல்லாம்.

நீ சொல்கிற மாதிரி நான் சொன்னால் என்ன ஆகும்? தனசிங் கொடுத்த மருந்தால்தான் இப்படி என்று ஆகும். நாளைக்கு நம் சொந்தக்காரன் எவனாவது என் வாசலுக்கு வருவானா? யோசித்துப் பேசு.

தனசிங்


கூடுவாஞ்சேரி
24 ஜூலை 2024

தனசிங் அவர்களுக்கு,

டானிக் பாட்டிலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதில் லேபிளைக் கிழிக்காமல் விட்டிருக்கிறாய், ஆச்சரியம். படித்தேன். சர்க்கரைத் தண்ணியும் ஆரஞ்சு வாசனையும்.

ஆக, விஷயம் இதுதான். உன் வாசலில் ஆள் வர வேண்டும். செருப்பு வரிசையாகக் கிடக்க வேண்டும். "மச்சான், ஒரு மாத்திரை சொல்லுங்க" என்று யாராவது தலையைச் சொறிய வேண்டும். பகல் முழுக்க டாக்டர் ரூம் வாசலில் பையோடு நின்று, உள்ளே அரை நிமிஷம் பல்லிளித்துவிட்டு வருகிறாய். ராத்திரி எங்களிடம் நீ டாக்டராகிவிடுகிறாய். அந்த நாடகம் கலையக் கூடாது என்று என் பிள்ளை செவிடாகக் கிடக்க வேண்டும். தூ!

ஸ்கேன் எடுத்தார்கள். வலது காதுக்குள் எலும்பு வளர ஆரம்பித்துவிட்டது. இடது காது இன்னும் திறந்திருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று டாக்டருக்கே தெரியவில்லை. நீ மூன்று மாதம் டானிக் கொடுக்கச் சொல்கிறாய்.

இன்னொன்றும் நடக்கிறது. அவளுக்கு வந்திருந்த பேச்சு ஒவ்வொன்றாகப் போகிறது. 'தண்ணி' போய்விட்டது, டம்ளரைக் காட்டுகிறாள். 'தனா மாமா' என்று உன்னைக் கூப்பிடுவாளே, அது போய் ரொம்ப நாள் ஆகிறது. நாங்கள் பேசினால் எங்கள் வாயையே பார்க்கிறாள். அப்புறம் கையால் என் வாயைப் பொத்திவிட்டு அழுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பென்னி அவளை உன் வீட்டுக்குக் கூட்டி வருகிறார். நான் வர மாட்டேன். நீ அவள் பின்னால் நின்று கூப்பிடு. சர்ச் கொயரில் மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பாடுகிற தொண்டைதானே உனக்கு? கூப்பிட்டுப் பார். அவள் திரும்பினால் நான் வந்து உன் காலில் விழுகிறேன்.

ஷீலா


கீழ்க்கட்டளை
2 ஆகஸ்ட் 2024

ஷீலா,

கடையில் வெள்ளைத்தாள் வாங்கி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஜோவிதா ஹாலில் உட்கார்ந்து என் காலி மாத்திரை டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட்டேன். குக்கர் விசில் அடித்தது, மாடி வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். அவள் அடுக்கிக்கொண்டே இருந்தாள். பென்னி பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிடிவாதம், மாப்பிள்ளை" என்றேன். ஜென்சி அவர் முன்னாலேயே சொன்னாள்: "போதும், வாயை மூடுங்க." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை.

எனக்கு வீம்பு. அந்த சுப்ரஜாவின் மூக்கை உடைக்கலாம் என்று ரிப்போர்ட்டையெல்லாம் பென்னியிடம் வாங்கிக்கொண்டு மறுநாள் குரோம்பேட்டையில் என் பெரிய டாக்டரிடம் போனேன். தோளில் தட்டிக் கூப்பிடுவார் என்று எழுதினேனே, அவர்தான். எனக்குப் பின்னால் மற்ற ரெப் எல்லாம் வரிசையில் நின்றார்கள். டாக்டர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "மூளைக்காய்ச்சலேதான்யா, பக்கா பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸ்" என்றார். "கல்ச்சர் நோ குரோத் சார்" என்றேன். "அது இருக்கட்டும். சர்க்கரையைப் பாரு, செல் கவுண்ட்டைப் பாரு. எந்த மடையன்யா முன்னாடியே ஆன்ட்டிபயாடிக் ஊத்தினது?"

"சொந்தக்காரன் யாரோ, சார்."

"ரெப்பா இருப்பான்" என்று சொல்லிச் சிரித்தார். பின்னால் வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் ஷீலா. சிரித்துவிட்டுப் பையைத் திறந்து எங்கள் கம்பெனியின் புது மாத்திரையைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன்.

அன்றைக்கே மறைமலைநகருக்குப் போய், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் பென்னியின் கம்பெனி கேட்டில் நின்றேன். "மாப்பிள்ளை, அது மூளைக்காய்ச்சல்தான். காது அடைக்கறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று சொன்னேன். "அப்ப நீங்க குடுத்த மருந்து?" என்று கேட்டார். செஃபிக்சிம் என்று பெயரைச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எப்போதும் "வரேன் மச்சான்" என்பார்.

நீ கேட்ட வாக்கியத்தைச் சொல்லியாச்சு. அதற்காக நீ ஜெயித்துவிட்டதாக நினைத்து ஆட வேண்டாம். அந்த டாக்டர் எனக்கு இன்னும் பொடிப்பெண்தான். மருந்தின் பெயரை அவளிடமும் சொல்லிவிடு, கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

தனசிங்


கூடுவாஞ்சேரி
29 செப்டம்பர் 2024

அண்ணா,

ஆபரேஷன் ஆகஸ்டிலேயே முடிந்தது. இடது காதில் கருவி நன்றாக உட்கார்ந்திருக்கிறது. வலது காதில் பாதிக்கு மேல் நுழையவில்லை, எலும்பு வழியை மறித்துவிட்டது. நீ டானிக் கொடுத்தனுப்பிய நாட்களில் வளர்ந்த எலும்பு அது. அதை நான் மறக்கப் போவதில்லை, நீயும் மறக்கக் கூடாது.

மருந்தின் பெயரை டாக்டர் சுப்ரஜாவிடம் சொன்னேன், எழுதிக்கொண்டார். உன் சிரப்பால்தான் காது போனதா என்று கேட்டேன். "முன்னாடியே வந்திருந்தாலும் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது" என்றார். நேர்மையான மனுஷி. நீ அவர் இடத்தில் இருந்திருந்தால் அடித்துச் சொல்லியிருப்பாய். அவர் சொன்ன 'இருக்கலாம்' உனக்கு விடுதலைப் பத்திரம் என்று நினைத்துவிடாதே.

கருவியை முடுக்கிய அன்று முதல் சத்தம் காதில் விழுந்ததும் அலறினாள். பயந்துபோய் பிடுங்கிப் போடப் பார்த்தாள். எனக்கு அழுகை நிற்கவில்லை. பென்னி வெளியே போய் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். இப்போது பழகிக்கொண்டாள். ஸ்டேஷனில் மின்சார ரயில் ஹார்ன் அடித்தால் என் சேலையைப் பிடித்து இழுத்து, ஆகாயத்தைக் காட்டுகிறாள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

போன வாரம் சித்தப்பா போன் செய்தார், பேரனுக்குக் காய்ச்சலாம். "தனசிங்கைக் கேட்டேன் ஷீலா, டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லிட்டான், அவனுக்கு என்னாச்சு?" என்று புலம்பினார். "நல்லாயிடுச்சு" என்றேன்.

நீ வந்து அவளைப் பார்க்கலாமா என்று ஜென்சி அண்ணி கேட்டாள். உனக்கே கேட்க வாய் வரவில்லையாக்கும். சரி. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறாள். வீட்டு மனுஷர்கள் ஒவ்வொருவரும் பிள்ளையின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு, அவள் திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் இடையில் புகுந்து பேசக் கூடாது. பென்னி 'அப்பா'வை வாங்கிவிட்டார். 'மாமா' இன்னும் வரவில்லை, அதை நீதான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வா. பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

ஷீலா